தலைவியின் திண்மையும் தலைவனின் குறையும்



காவியங்களைப் பற்றியும் சமய சாஸ்திரங்களைப் பற்றியும் சான்றோர் பேசுதற்குரிய ஒரு மேடையில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச முன்வந்திருப்பதற்கு நான் சமாதானம் ஏதும் சொல்லப்போவதில்லை. மாலையில் விளக்கேற்றியபின் கோயில் மண்டபத்தில் கூடிக் கதாகாலட்சேபம் கேட்ட ஜனங்களும், அறுவடை முடிந்த வெளியில் விடியவிடியக் கூத்துப் பார்த்த ஜனங்களும் எங்கே போய்விட்டார்கள் என்று வினவினால், அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று வீட்டுக் கூடத்தில் சின்னத்திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே விடை. ஒரு சமுதாயம் எந்தக் கதையைக் கண்டு கண்ணீர் விடுகிறதோ அந்தக் கதையில்தான் இல்லறத்தைப் பற்றிய அதன் நம்பிக்கைகளும் சந்தேகங்களும் பதிந்து கிடக்கின்றன. ஆகவே அக்கதைகளை ஆராய்வதும் இலக்கியத் தொண்டே என்பது என் துணிபு.

ஜப்பான், கொரியா, பாகிஸ்தான், நம் தமிழ்நாடு என்று ஆசியக் கண்டத்தின் பல திசைகளில் ஆக்கப்பட்ட தொடர்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு பொதுத்தன்மை விரைவிலேயே புலப்படும். கதாநாயகி திண்ணியவள், வறுமையோ அவமானமோ பிரிவோ எது நேரினும் நிமிர்ந்து நிற்பவள். அவள் நேசிக்கும் ஆடவனோ ஏதேனும் ஒரு குறையுடையவன்: செருக்கன், அல்லது சந்தேகப் பிராணி, அல்லது தாயின் சொல்லுக்கு எதிரே வாய் திறக்க அஞ்சுபவன். கதையில் வில்லன் வேறொருவன் இருப்பான். இவன் வில்லன் அல்லன். இவனை அவள் நேசிக்கிறாள், பார்த்திருக்கும் நாமும் ஓரளவு நேசிக்கிறோம். அதனாலேயே இவனுடைய குறை நம்மை உறுத்துகிறது. இத்தகைய தலைவனை இத்தனை தேசத்து எழுத்தாளர்களும் ஏன் விரும்பிப் படைக்கிறார்கள் என்பதும், அவனுக்கு எதிரே நிற்கும் அந்தப் பெண்ணின் திண்மையை எந்தக் காரியத்திற்குச் செலவிடுகிறார்கள் என்பதுமே இன்று நான் எடுத்துக்கொண்ட வினாக்கள். இவற்றை வேறெந்த ஊரில் பேசுவதைக் காட்டிலும் காரைக்காலில் பேசுவது பொருத்தமுடையது. அந்த இரண்டு பாத்திரங்களும் பூரணமாக அமைந்த ஒரு பழங்கதை இவ்வூர்த் தெருக்களுக்கே உரியது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் அது இங்கே மாங்கனித் திருவிழாவாக மறுபடியும் நடத்திக் காட்டப்படுகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்த அந்தச் சரித்திரத்தை இவ்வவையினர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும், ஒரு நாடகாசிரியன் அதை எவ்வாறு படிப்பான் என்பதைக் காட்டுவதற்காக, புராணப் பிரசங்கங்களில் நாம் விரைந்து கடந்துவிடும் சில இடங்களை நினைவூட்டுகிறேன். காரைக்கால் வணிகர் தனதத்தனாரின் ஒரே மகள் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தன் அவளை மணக்கிறான். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, மாப்பிள்ளையை நாகைக்கு அனுப்பாமல் இவ்வூரிலேயே தனி மனை அமைத்துப் பெருஞ்செல்வமும் கொடுத்து இருத்துகிறார். மாமனார் ஊரில், மாமனார் தந்த மனையில், மாமனார் தந்த முதலைக் கொண்டு வாணிகம் நடத்தும் இளைஞன் அவன். அம்முதலை அவன் திறமையோடு பெருக்கினான் என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. முதலிலிருந்தே அவன் கால் வேறொருவர் நிலத்தில் ஊன்றியிருக்கிறது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நிகழ்வது தெளிவாக விளங்கும்.

கடைக்கு வந்த சிலர் கொடுத்த இரண்டு மாங்கனிகளை அவன் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார்க்கு, கறியமுது ஆகாத வேளையாதலால், அன்னத்தோடு ஒரு கனியைப் படைக்கிறாள் புனிதவதி. நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சிய கனியைச் சுவைத்து, மற்றொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே சென்று இறைவனை நினைய, கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்டு அவன், இது எங்கே கிடைத்தது என்று வினவுகிறான். பொய் சொல்லித் தப்பிக்க எளிதாயிருந்த அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. இறையருள் என்றால் இன்னுமொரு கனி வரவழைத்துக் காட்டு என்கிறான். அவள் வேண்ட, கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. அச்சம் அவனைப் பற்றிக்கொள்கிறது. அன்றுமுதல் அவளைத் தெய்வமென்று எண்ணித் தொடர்பற்று வாழ்ந்து, எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வாணிகத்தின் பேரால் மரக்கலம் ஏறிப் போய்விடுகிறான்.

அவன் அவளை அடித்தானில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னானில்லை. அவள் பொருளைக் கவர்ந்தானில்லை. சந்தேகித்தான், சந்தேகம் பொய்யானபோது வணங்கினான். வணங்கியவன் பேசவில்லை என்பதுதான் அவன் குறை. மனைவியின் பெருமை தன் அளவைக் கடந்தது என்று கண்ட ஆடவன், அவளோடு அமர்ந்து வாழ்வதைவிட அவளை உயர்ந்த பீடத்தில் ஏற்றிவைத்துவிட்டு விலகிச் செல்வது தனக்கு எளிது என்று முடிவு செய்கிறான். பக்தியின் உடையைப் போர்த்துக்கொண்டு வரும் இந்தக் கைவிடலைப் போன்ற நுட்பமான குறையை நான் கண்ட எந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் காணவில்லை. செருக்கையும் சினத்தையும் சந்தேகத்தையும் பிரதானமாகக் கொண்ட தலைவர்கள் எத்தனையோ பேர் அங்கே உலவுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் கடைசியில் பச்சாத்தாபம் என்று ஒரு வழி திறந்திருக்கிறது. தன் குறையைக் குறையென்றே அறியாமல் புண்ணியமென்று கருதி இருக்கும் பரமதத்தனுக்கு அந்த வழியும் இல்லை.

இந்தக் கரையின் சரித்திரத்தை அறிந்தவர்க்கு அவன் தப்பிச் சென்ற விதத்திலும் வியப்பு இராது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1954இல் இந்தியாவோடு சேர்ந்த இந்தச் சிறு பிரதேசம், கடலைத் தன் தெருவின் நீட்சியாகவே எண்ணி வாழ்ந்த ஊர். சைகோனுக்கும் பிரான்ஸுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன ஆடவரையும், தபால்காரரை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்த பெண்டிரையும் இப்பகுதிக் குடும்பங்கள் பலவும் தம் நினைவில் வைத்திருக்கின்றன. உள்நாட்டுக் கதைகளில் குறையுடைய கணவன் குடிப்பான், சூதாடுவான். கடற்கரைக் கதையில் அவன் போய்விடுவான். போனவன் பொருள் அனுப்பினால் நல்லவன் என்றே ஊர் சொல்லும். அவன் இல்லாத வீட்டை நடத்திய பெண்ணின் திண்மைக்கு ஊர் ஒரு பெயரும் வைக்கவில்லை.

இனிப் பிற தேசத்து உதாரணங்களுக்கு வருவோம். ஜப்பானிய தேசிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஒஷின்' தொடர், சுகாகோ ஹஷிதா என்னும் பெண் எழுத்தாளரின் சிருஷ்டி. 60க்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டப்பட்டது. இலங்கையில் ரூபவாஹினியின் வழியாக வீடுதோறும் புகுந்தது. வடபுலத்துக் குத்தகை விவசாயியின் மகளாகிய ஒஷின், ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படுகிறாள். அவள் மணந்த ரியூஸோ தீயவன் அல்லன். நிலவுடைமைக் குடும்பத்து இளைய மகன், ஆசை மிகுந்தவன், துணிவு குறைந்தவன். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பம் அவர்கள் தொழிலை அழித்த பின், தன் தாய்வீட்டுக்கு மனைவியை அழைத்துச் செல்கிறான். அங்கே மாமியார் அவளை வதைக்கும்போது, தாயை எதிர்க்கத் துணிவின்றி வாளாவிருக்கிறான். ஒஷின் அந்த வீட்டை விட்டு மகனோடு வெளியேறுகிறாள். காலம் கடந்து அவன் மீண்டும் அவளோடு சேர்கிறான். யுத்த காலத்தில் இராணுவத்திற்குப் பொருள் வழங்கிச் செழிக்கிறான். ஜப்பான் தோற்றதும், அந்த யுத்தத்தைத் தான் ஆதரித்ததன் பொறுப்பைத் தாங்கமாட்டாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஹஷிதாவின் மேதைமை இங்கே விளங்குகிறது. கணவனின் கோழைத்தனத்தை ஒரு வீட்டின் விவகாரமாக மட்டும் நிறுத்தாமல், தன் தேசத்தார் பலர் அந்தக் காலத்தில் வாய் மூடியிருந்த பாவத்தோடு அதைப் பிணைத்துவிடுகிறார். ஒஷினோ கடைமேல் கடையாகத் திறந்து முதுமைவரை உழைக்கிறாள். அவள் திண்மை அவளுடைய தொழிலிலேயே செலவாகிறது.

இதற்கு மாறான மற்றொரு வகையை நம் இளைஞர்கள் நன்கறிவார்கள். யோகோ காமியோ என்னும் ஜப்பானியப் பெண்மணி 1992இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதை ஒன்று, 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், 2009இல் கொரியாவிலும், 2018இல் சீனத்திலும் தொடராயிற்று. அவற்றுள் கொரியத் தொடராகிய 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்', தமிழ்க் குரல் பெற்றுப் புதுயுகம் தொலைக்காட்சியின் வழியாக நம் வீடுகளுக்கும் வந்தது. கொரியக் கதைகளின்பால் தமிழ் இளைஞர் கொண்ட மோகத்திற்கு அது ஒரு தொடக்கம் என்று சொன்னால் மிகையாகாது. சலவைக் கடைக்காரரின் மகள் ஜான் தி. பெருங்குழுமத்தின் வாரிசு ஜுன் ப்யோ. தனக்கு ஆகாத மாணவர்க்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, பள்ளி முழுவதையும் அவர்கள்மேல் ஏவிவிடும் கொடுமைக்காரனாக அவன் அறிமுகமாகிறான். அவள் ஒருத்திதான் அவனை எதிர்த்து நிற்கிறாள். எதிர்த்ததனாலேயே அவன் அவளை விரும்பத் தொடங்குகிறான். கதை முடியும்போது அவன் பண்பட்டவனாகி வருகிறான். அவளும் மருத்துவம் பயில்கிறாள்தான். ஆனால் 25 பகுதிகளில் அவளுடைய திண்மை பெரும்பாலும் எதற்குச் செலவாயிற்று என்று கூட்டிப் பார்த்தால், ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளையை மனிதனாக்குவதற்கே செலவாயிற்று என்று விடை வரும். பெண்ணின் பொறுமையினால் ஆடவன் திருந்துவான் என்னும் இந்த ஆசைக் கனவு, பார்ப்பதற்கு இனிது. நம் பெண்மக்களுக்கு அது நல்ல வழிகாட்டி என்று என்னால் சொல்ல இயலவில்லை. வீட்டில் கைநீட்டும் கணவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உறவினர்கள், காலங்காலமாக இதே கனவைத்தான் அவளுக்கு மருந்தாகக் கொடுத்துவருகிறார்கள்.

பாகிஸ்தானில் 2011இல் வெளியாகி, 2014இல் ஜிந்தகி தொலைக்காட்சியின் மூலம் இந்தியாவில் காட்டப்பட்ட 'ஹம்சஃபர்' தொடரில், தாயின் சூழ்ச்சியை நம்பி மனைவியின் கற்பை ஐயுற்ற கணவன் பிற்பாடு உருகி மன்னிப்புக் கேட்கிறான். அதையும் இவ்வகையிலேயே சேர்த்துவிட்டு மேலே செல்கிறேன்.

தலைவனின் குறை எப்படி முடியும் என்பதைக் கதாசிரியரின் மனப்போக்கு மட்டும் நிர்ணயிப்பதில்லை. தொடரின் நீளமும் நிர்ணயிக்கிறது. கொரியத் தொடர் பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு நாள். 16 அல்லது 20 பகுதிகளில் முடிந்துவிடும். முடிவு கண்ணுக்குத் தெரிவதால், கடைசிப் பகுதிகளில் அவன் திருந்தியே ஆகவேண்டும். தமிழ்த் தொடரோ வாரநாள்தோறும் வருவது. பார்ப்போர் தொகை குறையாதவரை அதற்கு முடிவில்லை. திருந்திய கணவன் மறுநாள் பகுதிக்கு உதவமாட்டான். ஆகவே அவன் மீண்டும் பிழை செய்தாக வேண்டும், அவள் மீண்டும் பொறுத்தாக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தினுள் இருந்துகொண்டே சிலர் அரிய காரியம் செய்திருக்கிறார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை 1,500 பகுதிகளுக்கு மேல் சன் தொலைக்காட்சியில் ஓடிய, திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' தொடரில், தேவயானி நடித்த அபி என்னும் பாத்திரம் அத்தகையது. தந்தை கைவிட்ட குடும்பத்தின் மூத்த மகளாக உடன்பிறந்தாரைக் கரையேற்றுகிறாள். கணவன் பாஸ்கரும் அவளுக்குத் துணையாக நிற்கவில்லை. அவள் கட்டடத் தொழிலில் இறங்கித் தன் பெயரை நிலைநாட்டுகிறாள். பாஸ்கர் திருந்துவானா என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்த நம் தாய்மார்கள், சில ஆண்டுகளில் அக்கேள்வியை மறந்து, அபியின் கட்டடம் எழுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். தமிழ்ச் சின்னத்திரையின் சரித்திரத்தில் இதை நான் ஒரு பெரிய மாறுதலாக மதிக்கிறேன்.

இந்த மாறுதலுக்கு முன்னோடி ஒருவர் இவ்வூருக்கு மேற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர். 1990இல் 'ரயில் சினேகம்' என்னும் தொடரின் மூலம் தூர்தர்ஷனுக்கு வந்த கே. பாலசந்தர், அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1977இல், 'அவர்கள்' என்னும் திரைப்படத்தில் திருந்திய கணவன் என்னும் பொருளை அக்கக்காகப் பிரித்துப் பார்த்துவிட்டார். சுஜாதா நடித்த அனு, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து மணமுறிவு பெற்றுக் குழந்தையோடு தனியே வாழ்கிறாள். ரஜினிகாந்த் நடித்த அந்தக் கணவன் ராமநாதன், திருந்தியவனாகத் திரும்பி வந்து, பணிவும் பரிவும் காட்டி, அவள் உள்ளத்தில் மீண்டும் இடம்பிடிக்கிறான். அவள் நம்பத் தொடங்கிய தறுவாயில் அந்தத் திருத்தம் வேஷம் என்பது வெளிப்படுகிறது. அவளை உண்மையாக நேசித்தவர்களும் இருக்கிறார்கள். எவரையும் பற்றிக்கொள்ளாமல் அவள் ரயிலேறுகிறாள். கணவனைப் பெற்ற தாயே அவளுக்குத் துணையாக உடன் செல்கிறாள். மாமியாரும் மருமகளும் பகைவர்களாகவே இருக்க வேண்டும் என்று விதித்துக்கொண்ட நம் தொடர்களுக்கு நடுவே, மகனின் குறையை அறிந்த தாய் மருமகளின் பக்கம் வந்து அமரும் அந்தக் காட்சியை நான் எண்ணி எண்ணி வணங்கியிருக்கிறேன்.

புனிதவதியின் கதையும் திரைக்கு வந்ததுண்டு. 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும், பரமதத்தனாக முத்துராமனும், பேயுரு ஏற்ற அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். அம்மையாராக நடிக்க அவரைத் தேர்ந்தது குரல்வளம் ஒன்றைக் கருதி மட்டுமாயினும், அத்தேர்வில் விதியின் பொருத்தம் ஒன்று அமைந்துவிட்டது. நாடக மேடையில் இணைந்து பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவை அவர் காதலித்து மணந்தார். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. அந்தக் காதலில் பிரிவும் மனக்கசப்பும் மிகுந்திருந்தன. சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் அந்த வேதனை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 1933இல் கிட்டப்பா இளவயதில் மறைந்தபின் அவர் வெண்ணிற ஆடை பூண்டார். எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று விரதம் கொண்டார். 'நந்தனார்' படத்தில் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று, நந்தனாராகவே ஆண்வேடம் தரித்தார். 1953இல் 'ஔவையார்' ஆனார். சென்னை மாகாண மேலவையிலும் அமர்ந்தார். அவர் விரதத்தைப் பதிபக்தி என்று புகழ்ந்துவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். தமிழ்த் திரையில் காதலிக்கும் பெண்ணாக அல்லாமல் கதையின் தலைவியாக நிற்க ஒரு பெண்ணுக்கு அந்நாளில் வேறு வழி இருந்ததா என்று எண்ணிப் பார்த்தால், அந்த விரதம் அவருக்கு ஒரு கோட்டையாகவும் இருந்தது என்பது விளங்கும்.

பரமதத்தனிடம் திரும்பி வருவோம். கடல் கடந்து பொருள் ஈட்டிய அவன் காரைக்காலுக்கு வரவில்லை; பாண்டிநாட்டுத் துறை ஒன்றில் இறங்கி, அங்கே ஒரு வணிகர் மகளை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். செய்தி அறிந்த சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு அவன் ஊருக்குச் செல்கிறார்கள். அவன் மனைவியோடும் மகளோடும் எதிர்வந்து, ஊரார் முன்னிலையில் அவள் காலில் விழுகிறான். நம் தொடர்கள் எல்லாம் ஆயிரம் பகுதிகளாக ஏங்கிக் காத்திருக்கும் காட்சி இதுவே: கணவன் மனைவியின் காலில் விழும் காட்சி. சின்னத்திரையில் இது நிகழ்ந்தால் இசை முழங்கும், கதை முடியும். இங்கே அவள் அஞ்சி ஒதுங்குகிறாள். அந்த வணக்கம் அவளுக்கு வெற்றி ஆகவில்லை. தனக்கு மனைவி என்னும் இடம் இனி இல்லை என்னும் தீர்ப்பாகவே ஆயிற்று. அவள் அழவில்லை, வசைபாடவில்லை, திரும்பி வாழ வா என்று இரக்கவும் இல்லை. இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையும் அழகும் எனக்கு வேண்டாம் என்று இறைவனை வேண்டி உதறிப் பேயுரு ஏற்கிறாள். பின்னர் அவள் திண்மை முழுவதும் பாட்டாயிற்று: அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு என்று 143 பாடல்கள், தேவார மூவருக்கு முன்பே, பதிக மரபுக்கே வழிகாட்டியாக. ஒரு கணவனைத் திருத்துவதில் அந்த ஆற்றல் செலவாகியிருந்தால் தமிழ் எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாங்கனித் திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பும் திருக்கல்யாணமும் நடக்கின்றன; பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்கள் எறியப்படுகின்றன; பிள்ளைப்பேறு வேண்டும் பெண்டிர் அவற்றை முந்தானையில் ஏந்துகிறார்கள். பரமதத்தனை இவ்வூர் வெறுக்கவில்லை. மேளதாளத்தோடு மாப்பிள்ளையாக வரவேற்று, அவன் அஞ்சியதையும் போனதையும் அறிந்தே, மறு ஆண்டும் அழைக்கிறது. குறையுடைய ஆடவனை வெறுக்காமலும், அவன் குறையை மூடாமலும் ஒரு கதையைத் தாங்கிவரும் இந்தப் பக்குவத்தை நம் சின்னத்திரை எழுத்தாளர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம்.

அவர்கள் எழுதுவதற்கென்று சேக்கிழார் ஒரு பாத்திரத்தை விட்டும் வைத்திருக்கிறார். பாண்டிநாட்டு வணிகர் மகளாகிய அந்த இரண்டாம் மனைவிக்குப் பெரியபுராணத்தில் பெயர் இல்லை. தன் மகளுக்குக் கணவன் ஏன் அந்தப் பெயரை இட்டான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா, காரைக்காலிலிருந்து சிவிகை வருகிறது என்ற செய்தி வந்த இரவில் அவனிடம் அவள் என்ன கேட்டாள், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் காலில் மகளோடு விழச் சொன்னபோது எந்த மனத்தோடு விழுந்தாள், அந்தப் பெண் பேயுருவாகி வடதிசை நோக்கிப் போன பின் அதே கணவனோடு எவ்வாறு குடித்தனம் நடத்தினாள் என்பனவெல்லாம் இன்னும் எழுதப்படாதவை. அவளைப் பொறாமைக்காரியாகவும் சூழ்ச்சிக்காரியாகவும் ஆக்கிவிடாமல் எழுதக்கூடிய ஒருவர் கிடைத்தால், அதற்கு ஆயிரம் பகுதிகள் வேண்டா, 16 போதும். இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருவரே அதை எழுத முன்வந்தால், முதற் பிரதியைப் படிக்கும் உரிமையை நான் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.